முந்தானைக்கு மேலே ஒரு பதக்கம்

சேலையைக் கண்டுபிடித்தவர்களும் பதக்கத்தைக் கண்டுபிடித்தவர்களும் ஒருநாளும் சந்தித்திருக்க மாட்டார்கள். சந்தித்திருந்தால் இரண்டு தரப்பில் ஒன்றாவது வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். பதக்கம் குத்துவது இடது நெஞ்சில். சேலைத் தலைப்பு விழுவதும் அதே இடது தோளில். இத்தனை வருடமாகச் சேலைக்கு ரவிக்கைச் சட்டை தைக்கிற எனக்கு இந்தச் சங்கடம் தெரியாமலே இருந்தது, போன பனிக்காலத்தில் ஒரு காலை அக்கா தொலைபேசியில் கூப்பிடும்வரை.

“தங்கச்சி, எனக்கு ஒரு சட்டை தைக்கோணும்,” என்றார். “சும்மா சட்டை இல்லை. அதில ஒரு நாட்டைத் தொங்கவிடப் போயினம்.”

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இப்படிப் பேச்சை ஆரம்பிக்கிற ஆளை நின்றுகொண்டு கேட்கக் கூடாது.

எனக்குத் தையலை யாரும் சொல்லித்தரவில்லை. பழைய சட்டை ஒன்றின் தையலைப் பிரித்துத் தரையில் பரப்பி, திரும்பப் பொருத்திப் பார்த்துப் படித்தேன். மொன்றியலுக்கு வந்த பிறகு சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில் குளிர் ஜாக்கெட்டுகளுக்கு ஸிப் பூட்டினேன். இப்போது வீட்டிலேயே மெஷின். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது துணி அல்ல, ஆட்களின் பேச்சு. அளவு நாடா இடுப்பைச் சுற்றியதும் மனிதர்கள் வாயைத் திறந்துவிடுகிறார்கள். “என்ர இடுப்பு எனக்குச் சொல்லாமலே வளந்திட்டுது” என்று ஒருத்தி. “கையைக் கொஞ்சம் தளர விடு, நான் மருமகளோட ஒண்டா இருக்கிறன்” என்று இன்னொருத்தி. இதெல்லாம் எனக்குச் சீனி தின்கிற மாதிரி. ஆனால் “சட்டையில் ஒரு நாட்டைத் தொங்கவிடப் போகிறார்கள்” என்று அதுவரை எவரும் சொன்னதில்லை.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் இருக்கிறார். பிறந்தது ஃபிஜியில். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பத்தின் வழி வந்தவர். சுவாவில் தாதியாகப் படித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே கணக்குப் படிப்பிக்கப் போன ஒரு மாஸ்டரைக் கலியாணம் கட்டினார். “கணக்குப் படிப்பிக்கத்தான் போனனான், விடையா வந்தது இவ” என்பார் மாஸ்டர். பிறகு இருவரும் கனடா வந்து, அக்கா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஓய்வு பெறும்வரை தாதியாக வேலை செய்தார். அவருடைய தமிழில் யாழ்ப்பாணமும் இருக்கும், ஃபிஜி ஹிந்தியின் வாசமும் இருக்கும். யாராவது அதைக் குறிப்பிட்டுச் சொன்னால், “கன கடல் தாண்டின தமிழ். உப்புக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று சிரிப்பார்.

அவர் செய்த காரியம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். இங்குள்ள முதியோர் இல்லங்கள் கழித்துவிடுகிற சக்கர நாற்காலிகள், ஊன்றி நடக்கும் சட்டங்கள், தூக்கி இறக்கும் கட்டில்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்ப்பார். சென்ட் லோரன்ட்டில் தெரிந்தவர் ஒருவரின் களஞ்சியத்தில் ஒரு மூலை பிடித்து வைத்திருந்தார். மாஸ்டர் அங்கே இருந்து திருகாணி முடுக்குவார், நான் மெத்தை உறை தைப்பேன், அக்கா ஒவ்வொரு நாற்காலியிலும் தானே ஏறியிருந்து உருட்டிப் பார்ப்பார். கொள்கலன் நிறைந்ததும் கப்பலில் ஃபிஜிக்குப் போகும். சூறாவளி அடித்த ஒரு தீவிலுள்ள சின்ன ஆஸ்பத்திரி முழுக்க மொன்றியல் கட்டில்கள்தான் என்று கேள்வி. அந்த ஆஸ்பத்திரித் தாதிகள்தான் கூடிப் பேசி அக்காவின் பெயரை ஒரு விருதுக்கென்று ஃபிஜி அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அக்காவுக்கே தெரியாது. ஒருநாள் ஃபிஜித் தூதரகத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது, ஏமாற்றுக்காரர் என்று நினைத்து முதல்முறை தொலைபேசியை வைத்துவிட்டாராம்.

நான் அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது வரவேற்பறையில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் அண்ணை எனக்கு முன்பே வந்திருந்தார். அக்கா வீட்டு முடக்கில் டெப்பனர் என்கிற சின்னச் சாமான் கடை வைத்திருக்கிறவர் அவர். நல்ல மனுஷன். சந்தோஷச் செய்தி கேட்டால் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்துவிடுவார்.

“அக்கா, விளக்கமாச் சொல்லுங்கோ,” என்றார் அண்ணை. “இது என்ன பட்டம்?”

“பட்டம் இல்லைத் தம்பி. எங்கட நாட்டுக்கெண்டு ஒரு விருது வரிசை இருக்கு. சனாதிபதி அதுக்குத் தலைவர். மேல கொம்பானியன், அடுத்தது ஒஃபிசர், அடுத்தது மெம்பர், பேந்து மெடல். எனக்கு மெடல்.”

அண்ணை விரல்விட்டு எண்ணினார். அவர் முகத்தில் பரீட்சை முடிவு பார்த்த தகப்பனின் சாயல் வந்தது.

“அப்ப நாலாவதோ? மூண்டுக்குள்ள வரேல்லையோ?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா கோபிக்கவில்லை. “தம்பி, இது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி இல்லை. ஓடினது நான் ஒராள்தான்.”

“அப்ப முதலாவதும் நீர், கடைசியும் நீர்,” என்றார் மாஸ்டர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“பேருக்கு முன்னால ஏதும் போடலாமோ?” அண்ணை விடவில்லை.

“பின்னால எழுத்துப் போடலாம்.”

“பின்னாலயோ? எங்கட ஆக்கள் முன்னால இருக்கிறதையே முழுசா வாசிக்கமாட்டினம். பின்னால போட்டா ஆரக்கா பாக்கிறது?”

சிரித்து முடிந்ததும் அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்து மேசையில் விரித்தார். கடல் நீலப் பட்டு. தாதிகள் எல்லாரும் சேர்ந்து சுவாவில் வாங்கி அனுப்பியது. அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அவ்வளவு தூரம் விமானத்தில் போக முடியாது. ஆகவே பதக்கம் இங்கே வரப்போகிறது. தூதரக அதிகாரியான ஓர் அம்மா கொண்டுவந்து மண்டபத்தில் வைத்துக் குத்துவார். அக்கா கட்டப்போவது இந்தச் சேலை.

“கோட்டுச் சூட்டுப் போட்டா லேசு எண்டு அந்த அம்மா சொன்னவ,” என்றார் மாஸ்டர். “இவ கேக்கமாட்டா.”

“கேக்கமாட்டன்,” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, ஏன் கேட்கமாட்டார் என்று சொன்னார்.

அவர் தாதிப் படிப்பில் இருந்த காலத்தில், சுவாவில் பெரிய மாளிகைப் புல்வெளியில் விருது கொடுக்கும் வைபவங்கள் நடக்குமாம். அப்போது வெள்ளைக்காரர் விட்டுப்போன விருதுகள்தான், நாட்டின் சொந்த விருதுகள் பிறகுதான் வந்தன. வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் பார்க்க, மாணவத் தாதிகளை ஒரு கூடாரத்தில் இருத்துவார்கள். கோட்டுப் போட்ட ஆண்களுக்கு உடுப்பில் முன்கூட்டியே ஒரு சின்னக் கொளுக்கி மாட்டிவிடுவார்கள். கொடுப்பவர் பதக்கத்தை அதில் தொங்கவிட்டால் போதும். அப்படி ஒரு வைபவத்தில், சேலை கட்டிய ஓர் அம்மாவின் முறை வந்தது. கொளுக்கியை முந்தானையில் மாட்டியிருந்தார்கள். பதக்கம் ஏறியதும் பட்டு கீழே இறங்கியது, மடிப்புக் குலைந்தது, பதக்கம் அக்குளுக்குள் போய்விட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா ஒரு கையால் சேலையையும் மறு கையால் பதக்கத்தையும் பிடித்துக்கொண்டு, கை குலுக்கக் கை இல்லாமல் படி இறங்கினார்.

“எங்கட ஆக்களில ஒராளுக்கு அதுதான் நான் பாத்த முதல் பதக்கம்,” என்றார் அக்கா. “அண்டைக்கு அந்த முகத்தைப் பாத்தனான். அந்தத் தாதிப் பிள்ளையள் எல்லாரும் இதை வீடியோவில பாக்கப் போகினம், தங்கச்சி. அவையள் அனுப்பின சாறியில, அது நேரா நிக்கோணும். எல்லாருக்கும் தெரியோணும். விழவும் கூடாது, மறையவும் கூடாது.”

எனக்கு உடம்பெல்லாம் துடிப்பு வந்துவிட்டது. கலியாணச் சட்டை, பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்தியச் சட்டை எல்லாம் தைத்தாயிற்று. ஒரு நாட்டைத் தாங்கும் சட்டை இதுதான் முதல்.

பதக்கத்தின் பாரம் எங்களுக்குத் தெரியாது. அளவுக்கு மாஸ்டர் ஒரு பயணப்பெட்டிப் பூட்டை எடுத்துத் தந்தார். முதலில் முந்தானையின் உட்பக்கம் கனமான துணித்துண்டு ஒன்று வைத்துத் தைத்து, அதில் பூட்டை மாட்டினேன். அக்கா எழுந்து குசினிவரை நடந்தார். போகும்போது பூட்டு நெஞ்சில் இருந்தது. திரும்பி வரும்போது இடுப்புக்கு வந்துவிட்டது.

“அங்க வேண்டாம்,” என்றார் மாஸ்டர். “பூட்டுப் போடுறதெண்டா வாய்க்குப் போடுங்கோ.”

“உங்களுக்கு எந்தப் பூட்டும் காணாது,” என்றார் அக்கா.

அடுத்ததாக, வடக்கத்திப் பெண்கள் கட்டுவதுபோலத் தலைப்பை வலது தோளால் முன்னுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். இடது பக்கம் காலியாகிவிட்டது, பதக்கத்துக்கு நல்ல வெளி. நான் கைதட்டப் போனேன். அக்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா இது ஆர்? எனக்கு இவவைத் தெரியாது.”

அவ்வளவுதான், கட்டியதை அவிழ்த்துவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் துணியை வெட்டினேன், தைத்தேன், பிரித்தேன், திரும்பவும் தைத்தேன். பஸ்ஸில் போகும்போது எதிரில் இருக்கிறவர்களின் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். தலைப்பை ஊசிகளால் நிறைத்தால் பட்டு கிழியும். தடித்த துணி வைத்தால் முந்தானை தகடுபோல நிற்கும். எல்லா வழியிலும் கடைசியில் பாரத்தைச் சேலைதான் தாங்கவேண்டியிருந்தது, சேலையோ தாங்க மாட்டேன் என்றது.

வழி கிடைத்தது ஒரு தேத்தண்ணி நேரத்தில். நான் மேசையில் பட்டைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்க, அக்கா எதிரில் உட்கார்ந்து ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கதை ஏதோ வந்தது. நோயாளிக்கு நெஞ்சில் குழாய் போட்டால் அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“உடுப்பில கட்டக்கூடாது. உடுப்பு அசையும். உடம்போட ஒட்டிப்போட்டு, உடுப்பின்ர இடைவெளிக்கால குழாயை வெளியில எடுக்கோணும். அப்பத்தான் …”

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். ரஸ்க் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

“சட்டை!” என்றேன்.

“மடிப்புக்கு இடையால!” என்றார் அவர்.

சேலைக்குப் பாரமே கொடுக்கத் தேவையில்லை. தாங்க வேண்டியது சட்டை. சட்டைத் தோளின் தையலிலிருந்து நாக்குப்போல நீளும் உறுதியான ஒரு சின்னத் துணிப்பட்டை, சேலையின் அதே நீலத்தில். முந்தானையை மடித்துத் தோளில் குத்தும்போது அந்த நாக்கை இரண்டு மடிப்புகளுக்கு நடுவால் வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் நுனியில் கொளுக்கி. பார்ப்பவருக்குச் சேலையில் பதக்கம். பாரம் முழுக்கத் தோளில். அக்கா எழுந்து என் கன்னத்தைக் கிள்ளினார். நான் அக்காவின் பழைய கை மெஷினுக்கு ஓடினேன். மாஸ்டர் உள்ளே வந்து, “என்ன, வீடு பத்துதோ?” என்று கேட்டார். “பூட்டைத் தாங்கோ,” என்றார் அக்கா.

அன்று பின்னேரம் அக்கா பூட்டோடு வீடு முழுக்க நடந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். படி ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆடியும் காட்டினார். பூட்டு ஆடி நின்றது, ஆனால் இடம் மாறவில்லை.

வைபவம் ஒரு தேவாலயத்தின் கீழ்மாடி மண்டபத்தில். சனிக்கிழமை பின்னேரம். அந்த நேரம் ஃபிஜியில் ஞாயிறு காலை. ஒரு பெரிய திரையில் தாதிகள் வரிசையாகத் தெரிந்தார்கள். காதில் பூ வைத்திருந்தார்கள், பின்னால் எங்கள் மொன்றியல் கட்டில்களில் ஒன்று நின்றது. அவர்கள் “புலா!” என்று கத்த, எங்கள் சனமும் “புலா!” என்று திருப்பிக் கத்தியது. அந்தச் சொல்லுக்கு வணக்கம் என்றும் அர்த்தமாம், உயிர் என்றும் அர்த்தமாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒட்டாவாவிலிருந்து ஃபிஜிக் குடும்பங்கள் சில பூப்போட்ட சட்டைகளோடு வந்திருந்தன. வெளியே பனி கொட்டியது, உள்ளே வடைக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பாலில் ஊறிய மீன். மண்டபம் அப்படி ஒரு மணம்.

மேடைக்குப் பின்னால் நானே சேலை கட்டிவிட்டேன். நாக்கு மடிப்புகளுக்கு நடுவில் அழகாக எட்டிப் பார்த்தது. தூதரக அம்மாவிடமும் காட்டினேன். அவர் உயரமான, குரல் கனத்த ஃபிஜிப் பெண்மணி. கொளுக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு “வினாக்கா” என்று என் கையைப் பிடித்தார். நன்றி என்று அர்த்தம். எல்லாம் சரி. நான் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களை.

தேசிய கீதங்கள் முடிந்து, அதிகாரி அம்மா பதக்கத் தட்டோடு நடுமேடைக்கு வர முன்னமே, சங்கத் தலைவர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். “முதலில் எங்கள் சமூகத்தின் சார்பில் …” என்ற குரலைக் கேட்டதும் நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். பொன்னாடை! பொன்னாடை இல்லாமல் எங்கள் ஆட்கள் ஒரு கூட்டம் நடத்தியதாக வரலாறு உண்டா? சங்கத்தின் பொன்னாடை, சரிகை மின்ன. அதற்கு மேல் கோயிலின் பொன்னாடை. மாஸ்டரின் பழைய மாணவர்கள் கொண்டுவந்தது ஒன்று. மகளிர் அணி, நாங்கள் என்ன குறைந்தவர்களா என்று இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல் முழங்கால்வரை ஒரு ரோசாப்பூ மாலை. ஒவ்வொருவரும் போர்த்திவிட்டு, படத்துக்காக இழுத்துச் சரிசெய்து, தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டியது இடது தோளில். நான் எழுந்து கையைக் காட்டினேன். அண்ணை எனக்குத் திருப்பிக் கையசைத்தார்.

அக்கா புடவைக்கடை வாசலில் நிற்கும் பொம்மைபோல நின்றார். முகம் மட்டும்தான் தெரிந்தது.

அதிகாரி அம்மா பட்டு நாடாவில் தொங்கும் பதக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நின்றார். இடது பக்கத்தைத் தேடினார். மாலையை விலக்கினால் பொன்னாடை, பொன்னாடையை விலக்கினால் பொன்னாடை. திரையில் தாதிகள் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு சுவாவிலிருந்து வந்ததுபோல இருந்தது.

அக்கா சுற்றிப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, “இஞ்ச வாங்கோ,” என்றார்.

மாஸ்டர் மேடையேறினார். அக்கா மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். சனம் விசிலடித்தது. முதல் பொன்னாடையை உருவி அவர் தோளில் போர்த்தினார், இரண்டாவதை அதற்கு மேல், மூன்றாவதை அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் மண்டபம் எழும்பி எழும்பிக் கத்தியது. நான்காவதை எடுத்து அண்ணையின் தோளில் போட்டு, “தம்பி, மூண்டுக்குள்ள வரேல்லை, நாலாவது உங்களுக்கு,” என்றார். அண்ணை முதலில் முழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்தான், ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டார்.

“எனக்குத் தெரியும்,” என்றார் மாஸ்டர், துணிக்குள்ளிருந்து. “இவவின்ர பாரமெல்லாம் கடைசியில என்ர தோளுக்குத்தான் வரும்.”

ஆனால் ஆபத்துத் தீரவில்லை. அத்தனை இழுபறியில் மடிப்புகள் நகர்ந்து, நாக்கு உள்ளே புதைந்துவிட்டது. அதிகாரி அம்மாவின் விரல் பட்டின்மேல் தடவித் தடவித் திரும்பியது. நான் மேடையை நோக்கி ஓடத் தொடங்கினேன். அக்கா கையைத் தூக்கி, நில் என்றார்.

கண்ணை மூடினார். வலது கை விரல் நுனிகளை இடது தோளில் வைத்தார். அழுத்தவில்லை, தட்டவில்லை. மெதுவாக, ஒரு விரலுக்குப் பின் ஒரு விரலாக இறங்கினார்.

“நரம்பு தேடின கை இது,” என்றார் சத்தமாக. “ஆரும் பயப்பிடாதேங்கோ.”

முன்வரிசையில் இருந்த ஒரு முன்னாள் நோயாளி “ஓம், எனக்கு ஒருநாளும் நோகேல்லை!” என்று கத்தினார். அக்காவின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. இரண்டு மடிப்புகளை அகட்டி, உள்ளே ஒரு சின்ன அசைவு. நீல நாக்கு வெளியே வந்தது.

அதிகாரி அம்மா பதக்கத்தைக் கொளுக்கியில் மாட்டினார். சனாதிபதியின் பெயரால் என்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. நான் கொளுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை எடுத்தார். பதக்கம் ஒருமுறை ஆடியது. இன்னொருமுறை சின்னதாக ஆடியது. நின்றது. முந்தானை ஒரு நூல்கூட இறங்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அது பளிச்சென்று நின்ற நிலையைப் பார்த்ததும் என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்ன சத்தமென்று எனக்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அக்கா அதிகாரியின் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். திரையில் தாதிகள் குதித்துக் குதித்துக் கத்தினார்கள். ஒருத்தி அந்தக் கட்டிலின்மேலேயே ஏறிவிட்டாள். அப்போது ஒட்டாவாவிலிருந்து வந்த ஃபிஜிக்காரர்கள் எழுந்து நின்று, கைகளைக் கிண்ணம்போலக் குவித்து, ஒன்றாகத் தட்டினார்கள். டொம், டொம், டொம். எங்கள் கைதட்டல்போலச் சடசடக்கவில்லை, கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல ஆழமாக ஒலித்தது. அவர்கள் நாட்டில் மரியாதைக்குரியவருக்கு அப்படித்தான் தட்டுவார்களாம். எங்கள் சனமும் கைகளைக் குவித்துப் பார்த்தது. முதலில் சரியாக வரவில்லை, சளக் சளக்கென்றது. பிறகு ஒருவர் பிடிக்க, அடுத்தவர் பிடிக்க, தேவாலயத்தின் நிலமே அதிர்ந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது பனி நின்றிருந்தது. தெருவில் பனி அள்ளும் வண்டிகள் வரும் நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதால் மாஸ்டர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நாங்கள் மூவரும் பஸ்ஸுக்கு நின்றோம். மூக்கு விறைக்கிற குளிர். அக்கா கோட்டுப் போட்டிருந்தார், ஆனால் முன்பக்கம் திறந்தபடி.

“ஸிப்பைப் பூட்டும்,” என்றார் மாஸ்டர். “நெஞ்சில குளிர் பிடிக்கப் போகுது.”

“நெஞ்சிலதான் இருக்கு, அதுக்குத்தான் பூட்டேல்லை. இவ்வளவு பாடுபட்டு வெளியில எடுத்ததை நானே உள்ள வைக்கவோ?”

“நாளைக்குத் தடிமன் வந்தா?”

“வந்தா மெடலோட தும்முறன்.”

பஸ் வந்தது. ஓட்டுநர் அக்காவைப் பார்த்தார், பதக்கத்தைப் பார்த்தார், “ஃபெலிஸிடாஸியோன், மதாம்!” என்று வாழ்த்தித் தொப்பியைத் தூக்கினார். அக்கா மகாராணிபோல “மெர்ஸி” என்று நன்றி சொன்னார். உட்கார்ந்ததும் எதிர் இருக்கையில் இருந்த வயதான கியூபெக் அம்மா ஒருவர் முன்னால் சாய்ந்து, அது எதற்காக, ஒலிம்பிக்கா என்று பிரெஞ்சில் கேட்டார்.

“ஒலிம்பிக் இல்லை மதாம், கட்டில்,” என்றார் அக்கா. அந்த அம்மாவின் புருவம் தலைமயிர்வரை ஏறியது. மாஸ்டர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அக்கா தன் பிரெஞ்சிலே ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார், தீவு, சூறாவளி, சக்கர நாற்காலி, கொள்கலன் என்று. அந்த அம்மா “அஹ் பொன்! அஹ் பொன்!”, அப்படியா அப்படியா என்று கேட்டார். பின்னால் இருந்தவர்களும் காதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். தன் தங்கை இருக்கும் முதியோர் இல்லத்தில் நல்ல நடைச்சட்டங்கள் சும்மா கிடக்கின்றன, நாளைக்கே கேட்டுச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொலைபேசி இலக்கங்கள் கைமாறின, விலாசங்கள் கைமாறின.

நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது, அக்காவின் கதை இன்னும் முடியவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இழுக்கும் மணிக்கயிறு எங்கள் இருவருக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருவருமே கையைத் தூக்கவில்லை.